மூன்றாவது கோப்பை

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நான் அப்பு, அதாவது சமையல்காரன். சமைப்பது, பரிமாறுவது, துரையிடம் ஏச்சு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. 1916 ஆனி மாதம் அந்தத் தந்தி வந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. தினமும் பின்னேரம் நாலு மணிக்கு நான் ஜெர்மன்காரனாக வேண்டும்.

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரையின் ஒரே மகன், எங்கள் சின்னத்துரை, இங்கிலீஷ் போர்க்கப்பல் ஒன்றில் இருந்தார். வடகடல் சண்டையில் அந்தக் கப்பல் வெடித்தது. ஆயிரம் பேருக்கு மேல் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, உடம்புகூடக் கிடைக்கவில்லை.

துரை சாப்பாட்டு மேசையைக் கடலாக்கினார். ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஆலையில், தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைக் கோப்பைகள் ஆறு, அவருடைய கப்பல்கள். மைப்புட்டிகள் ஐந்து, என்னுடைய ஜெர்மன் கப்பல்கள். வரிசையில் மூன்றாவது கோப்பைதான் சின்னத்துரையின் கப்பல். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று அளக்க இரண்டு குச்சிகளைச் சீவி வைத்திருந்தார். அவர் குச்சி நீளம், என் குச்சி ஒரு சாண் குட்டை.

“நம்ம கப்பலுக்குப் பெரிய பீரங்கி, நல்ல வேகம். ஆனா தோல் மெலிசு. ஜெர்மன்காரனுக்குச் சின்ன பீரங்கி, தோல் தடிப்பு. வெளங்குதா?”

“வெளங்குதுங்க தொரை.”

அவரும் வயசுக் காலத்தில் கப்பற்படையில் இருந்தவர்தான். வேகமாக ஓடும் கப்பலை எவனும் தொட முடியாது என்று நம்பி, சிபாரிசுக் கடிதம் எழுதி மகனை அதில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். அதுதான் அவரைத் தின்றது.

“அவன் பொழைக்க ஒரு வழி இருந்திருக்கணும், அழகையா. அதைக் கண்டுபிடிக்காம நான் சாக மாட்டேன்.”

என்னென்னவோ செய்து பார்த்தார். வரிசையை மாற்றினார், திருப்பினார். என் வரிசையின் தலைக்குக் குறுக்கே ஓடினார். அப்படி ஓடினால் அவர் பீரங்கி எல்லாம் என்னைப் பார்க்கும், என் முன்கப்பல் மட்டும்தான் அவரைச் சுட முடியும். ஆனாலும் கடைசியில் என் குட்டைக் குச்சிக்குள் வந்து நிற்பார், மூன்றாவது கோப்பை கவிழும். அவர் காலத்துப் பீரங்கி அதிக தூரம் எட்டாது. கிட்டப் போய் அடி என்ற பாடம் இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

எனக்கு முதல் வாரமே விளங்கிவிட்டது. அட மனுசா, உன் குச்சிதானே நீளம், தள்ளி நின்று அடியேன்! நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். துரைக்குப் புத்தி சொன்ன அப்பு எந்தத் தோட்டத்தில் பிழைத்திருக்கிறான்? வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

அதற்குள் பங்களாவே ஒரு மாதிரியாகிவிட்டது. காலையில் மேசை துடைக்கப் போனால் மூன்றாவது கோப்பையில் மட்டும் அரை விரல்கடை தண்ணீர் நிற்கும். சின்னத்துரையைத் தூக்கி வளர்த்த ஆயா ரெங்கம்மா விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“உப்புக் கரிக்குது. புள்ள வந்துட்டுப் போறான்யா.”

“போடி கிறுக்கி, பனி எறங்குது” என்று எரிந்து விழுந்தேன். அவள் போனதும் நானும் தொட்டுப் பார்த்தேன். கரித்தது.

ஐப்பசி மழையில் துரை சோற்றையும் விட்டுவிட்டார். வெறும் தேத்தண்ணீர்தான். ஒருநாள் கோப்பை கவிழ்ந்ததும் மேசையோரம் முட்டி போட்டு, அதனிடம், “மன்னிச்சுக்க மகனே” என்றார். சின்னத்துரைக்கு முதலில் வந்த பாஷை தமிழ்தான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“தொரை, கோவிச்சுக்காதீங்க. கிட்டப் போகாதீங்க. இங்கனயே நின்னு அடிங்க. நம்ம குச்சி எட்டும், அவன் குச்சி எட்டாது.”

துரை எழுந்தார். கோப்பைகளைத் திரும்ப அடுக்கினார். நீளக் குச்சியை வைத்து அளந்து, அங்கேயே நின்று அடித்தார். ஒரு புட்டி சாய்ந்தது. நான் மற்றவற்றை முன்னால் தள்ளினேன். அவர் வேகத்தில் விலகி மறுபடி அடித்தார். இரண்டு, மூன்று. கடைசியில் ஆறு கோப்பைகளும் நிமிர்ந்து நின்றன.

“ஐயோ, புள்ள பொழைச்சிட்டானே!” என்று வாசலில் ரெங்கம்மா கதறினாள். எனக்கும் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. துரை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது எப்பத் தெரியும் ஒனக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய்.

“மொத வாரமே தெரியுங்க.”

“அஞ்சு மாசமா? ஏன் சொல்லலே?”

“தொரைக்குத் தெரியாததான்னு...”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை.

“கிட்டப் போறது தப்புன்னு அந்தக் கப்பல்லயும் எவனாவது பாத்திருப்பான். தொரைக்குத் தெரியாததான்னு வாயை மூடிக்கிட்டு நின்னிருப்பான்” என்றார். “அது என் மகனாவே இருந்திருக்கலாம். பெரியவங்க முன்னாடி வாயைத் தொறக்கக் கூடாதுன்னு பெல்ட்டால அடிச்சுத்தானே அவனை வளத்தேன்? நீ பக்கத்துல நின்னு பாத்தவன், சொல்லு.”

“ஆமாங்க தொரை” என்றேன்.