தங்கச்சிக்கு நான் பார்த்துக் கொடுத்த லேப்டாப்

எங்க சொந்தத்துல யார் லேப்டாப் வாங்கினாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வாங்குவாங்க. நான் கம்ப்யூட்டர் படிச்சவன் கிடையாது. குடிநீர் வாரியத்துல பில் போடற கிளார்க். பஸ்ல போறப்பவும் வர்றப்பவும் லேப்டாப்பை ஒப்பிட்டுப் பேசற வீடியோவாப் பார்த்துப் பார்த்து 'புரொபசர்'னு பேர் வாங்கினவன். கிண்டலுக்கு வெச்ச பேர்தான். நான்தான் அதை நிஜம்னு நம்பிட்டேன்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல மூணு கட்டம் போடுவேன். எடை, வேகம், விலை. மூணுக்கும் மார்க் போட்டுக் கூட்டி, எது முதல்ல வருதோ அதை வாங்குன்னு தீர்ப்பு சொல்லிடுவேன். "பொண்ணு பாக்க வந்தப்போ இதுல கால்வாசி கூட விசாரிக்கல இவர்"னு என் பொண்டாட்டி வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவா. நானும் பெருமையா சிரிச்சுக்குவேன்.

என் தங்கச்சி ஒரு காது டாக்டர் கிளினிக்ல பத்து வருஷம் வேலை பார்த்தா. காது மந்தமானவங்களுக்கு மிஷின் மாட்டி, அவங்கவங்க காதுக்குத் தகுந்த மாதிரி அதைக் கம்ப்யூட்டர் மூலமா திருத்திக் கொடுக்கறதுதான் அவ தொழில். இந்த வருஷம் துணிஞ்சு கிளினிக்கை விட்டா. நடமாட முடியாத பெரியவங்களுக்கு வீட்டுக்கே போய் இதைச் செஞ்சு கொடுக்கறதா டாக்டர்கிட்ட பேசினா. அவர், "மூணு மாசம் பாக்கறேன்மா. சரியா வந்தா வீட்டுக் கேஸ் எல்லாம் உனக்குத்தான். இல்லைன்னா வேற ஆள் பாக்கணும்"னுட்டார். கிளினிக்ல அவ உக்காந்த நாற்காலியில அதுக்குள்ள வேற பொண்ணு வந்தாச்சு. அதனால இது நடந்தே ஆகணும்.

வழக்கம் போல என்கிட்டதான் வந்தா. "அண்ணா, எனக்கு மூணு விஷயம் போதும். தூக்க லேசா இருக்கணும், டெஸ்ட் பண்ற பெட்டியையும் சேர்த்து நான்தான் சுமக்கணும். சார்ஜ் நிக்கணும், பெரியவங்க வீட்டுல பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னாடிதான் இருக்கும். அப்புறம் சத்தம் போடக் கூடாது."

"லேப்டாப் என்ன, குரைக்கவா போகுது?"ன்னேன்.

வீடே சிரிச்சது. பாவம், அவளும் சிரிச்சா. அந்தச் சிரிப்பை இப்போ நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

கடையில அவ ஒல்லியா ஒண்ணை எடுத்தா. ஒரு கையால தூக்கி, தோள்ல மாட்டற மாதிரி வெச்சுப் பார்த்தா. "இது போதும்ணா"ன்னா. அவ வெச்சிருந்த பட்ஜெட்டுக்கு உள்ளேயே வந்தது. அதோட மிச்சத்துல பழைய ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கிக்கற திட்டம் அவளுக்கு.

நான் அதைக் கையில வாங்கி, "அப்பளம் மாதிரி இருக்கு. ரெண்டு வருஷம் தாங்காது"ன்னு கடைக்காரர் முன்னாடியே உதட்டைப் பிதுக்கினேன். அப்புறம் மூலையில கறுப்பா, கீ எல்லாம் சிவப்பா எரிஞ்சுக்கிட்டு ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதைக் காட்டினேன். உண்மையைச் சொல்லிடறேன். ஒரு வருஷமா அது மேல எனக்கு ஒரு கண்ணு. கார் ரேஸ் விளையாட்டுக்குன்னே செஞ்ச லேப்டாப். என் சம்பளத்துக்கும் என் பொண்டாட்டி பார்க்கற பார்வைக்கும் அதை நான் வாங்கவே முடியாது.

தாளை எடுத்து மார்க் போட்டேன். வேகத்துக்குப் பத்துக்குப் பத்து. எடைக்கு ஏழு போட்டேன், மனசாட்சிப்படி ரெண்டுதான் போட்டிருக்கணும். அதைத் தூக்கிக்கூடப் பார்க்கல நான். "மூணு கிலோ எல்லாம் ஒரு எடையா? ஸ்கூட்டர் அடுத்த வருஷம் வாங்கிக்கலாம், இது அஞ்சு வருஷம் ஓடும்"னேன். பக்கத்துல பத்து டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு, ஏசி வேற. அந்தச் சந்தடியில அதோட ஃபேன் எப்படிச் சத்தம் போடும்னு யாருக்கும் கேக்கல. அவ மட்டும் குனிஞ்சு காதை வெச்சுப் பார்த்தா. "என்ன, நாடி பாக்கறியா?"ன்னேன். நிமிர்ந்துட்டா. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பணத்தைக் கட்டிட்டா.

இதுக்கு மேல செஞ்சதுதான் அசிங்கம். ஞாயித்துக்கிழமையானா, "அப்டேட் போடணும், நான் வரேன்"னு அவ வீட்டுக்குப் போயிடுவேன். உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம் கார் ஓட்டுவேன். அவ காபி கொண்டு வந்து கதவைத் தட்டினா, சடக்னு மாத்திட்டு அப்டேட் ஓடற மாதிரி ஒரு நீலக் கலர் பெட்டியைத் திரையில காட்டுவேன். நாப்பத்தியொரு வயசு எனக்கு.

ரெண்டரை மாசம் இப்படியே போச்சு. ஒருநாள் காலைல நான் ஆபீஸுக்குக் கிளம்பறப்போ என் பொண்டாட்டி, "இன்னிக்கு லீவு போடுங்க"ன்னா. "உங்க தங்கச்சிக்குத் தோள்பட்டை வீங்கிக் கெடக்கு. கையைத் தூக்கித் தலை வாரிக்க முடியல. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. ரெண்டு பேர் மிஷின் சரியில்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்களாம். டாக்டர் கூப்பிட்டுக் கண்டிச்சிருக்கார். இன்னிக்குப் போற வீடு டாக்டருக்கு வேண்டப்பட்டவங்க வீடு. அங்கயும் சொதப்பினா முடிஞ்சது கதை. ஒரு நாள் நீங்க அந்த லேப்டாப் பையைத் தூக்கிட்டுப் போய்ப் பாருங்க."

எனக்கு முகத்துல ஈயாடல. ஆனா வீராப்பா, "தூக்கிட்டாப் போச்சு"ன்னுதான் கிளம்பினேன்.

ரெண்டு பஸ் மாறிப் போனோம். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரெண்டாவது மாடியில கை மாத்தினேன். மூணாவதுல உக்காந்துட்டேன். சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல் கனம். தங்கச்சி பெட்டியோட மேல் படியில நின்னு காத்திருந்தா. திட்டியிருந்தா தேவலாம்.

அந்த வீட்டுல ஒரு ரிட்டயர்டு ரயில் டிரைவரும் அவர் மனைவியும் இருந்தாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சு அவர் படுக்கையில இருந்தார். ஆயுசு பூரா இன்ஜின் பக்கத்துல நின்ன காது, சுத்தமா போயிருந்துச்சு. "ஆறு வருஷமா நான் பேசறது இவருக்குக் கேக்கலைம்மா. கத்திக் கத்தி, சண்டை போடறதா பக்கத்து வீட்டுல நினைக்கறாங்க"ன்னு அந்தம்மா சிரிச்சாங்க. கண்ணு சிரிக்கல.

தங்கச்சி லேப்டாப்பை வாங்கி நேரா சமையலறைக்குக் கொண்டு போனா. அங்க மேடையில துண்டை மடிச்சுப் போட்டு அது மேல வெச்சா. எனக்குப் புரியல. "ஏன் இங்க?"

"இங்க வசதியா இருக்கும்ணா." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னா.

அவர் காதுல மிஷினை மாட்டிட்டு வந்து, அங்கேர்ந்து ஒரு பொத்தானை அழுத்திட்டு ரூமுக்கு ஓடி, சத்தம் கேட்டு அவர் விரல் தூக்கறாரான்னு பார்த்தா. திரும்ப ஓடி வந்தா. திரும்ப ஓடினா. ரெண்டரை மாசமா இப்படித்தான் வேலை பார்த்திருக்கா. அஞ்சு நிமிஷம் போயிருக்காது, லேப்டாப்புக்கும் மிஷினுக்கும் இருந்த ப்ளூடூத் தொடர்பு அறுந்து போச்சு. நடுவுல ரெண்டு சுவர். வேற வழியில்லாம ரூமுக்கே கொண்டு வந்து கட்டில் பக்கத்துல வெச்சா.

அப்பதான் நான் அதைக் கேட்டேன். மாவு மில்லு ஓடற மாதிரி ஒரு உறுமல். ஞாயித்துக்கிழமையெல்லாம் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு விளையாடினவனுக்கு அது எப்படித் தெரியும்? லேப்டாப்பை மெதுவா ஓடற மாதிரி மாத்தினேன். ரெண்டு நிமிஷம் அடங்குச்சு, அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுது.

டெஸ்ட் என்னன்னா, மிஷின் வழியா சின்னச் சின்ன பீப் சத்தம் வரும், கேட்டா விரலைத் தூக்கணும், "கேக்குது"ன்னு சொல்லணும். பெரிய சத்தத்துக்குத் தூக்கினார். சின்னதுக்கு ஒண்ணுக்கும் தூக்கல. காதுக்குள்ள ஃபேன் ஓடினா எப்படிக் கேக்கும்? இதை நம்பித் திருத்தி வெச்சா மிஷின் தேவைக்கு மேல அலறும். திருப்பிக் கொடுத்த ரெண்டு பேருக்கும் இதேதான் ஆயிருக்கு.

"என்னமோ இரைச்சலா இருக்கே. மிஷின் கோளாறா?"ன்னு அவர் காதுலேர்ந்து கழட்டப் போனார். அந்தம்மா முகம் விழுந்துச்சு. "இதுவும் சரிப்படாதா?"ன்னு மெதுவா கேட்டாங்க.

"மிஷின் நல்ல மிஷின்தாம்மா. என் கம்ப்யூட்டர் சத்தம் அது."

"இந்த வேலைக்கு ஏம்மா இப்படி ஒண்ணை வாங்கினே?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

தங்கச்சி ஒரு நொடிகூட யோசிக்கல. "தெரியாம வாங்கிட்டேம்மா. என் தப்புதான்"ன்னா.

நான் சுவத்தோரமா நின்னுக்கிட்டிருந்தேன். அவ என் பக்கம் திரும்பவே இல்ல. திரும்பினா நான் மாட்டிக்குவேன்னு திரும்பல. ஒரு நிமிஷம், முழுசா ஒரு நிமிஷம், அவ சொன்னதே நிக்கட்டும்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். எனக்கு வசதியாத்தானே இருந்துச்சு. அப்படி இருந்ததுதான் இன்னிக்கும் என்னைக் கொல்லுது.

அப்புறம், "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்"னேன். தொண்டைக்குள்ளேயே சொன்னேன்.

டிரைவர் என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தார். "என்ன சொல்றார் இவர்?"

"நான்தான் வாங்கிக் கொடுத்தேங்க."

"கேக்கல. சத்தமா சொல்லுப்பா."

"அவளுக்கு லேசானது போதும்னு சொன்னா. நான்தான் கேக்கல."

"என்னது, லேசா கேக்கலையா? உனக்கும் காது போச்சா?"

அந்தம்மா கூடச் சிரிச்சுட்டாங்க. எனக்குக் கண்ணு எரிஞ்சுது. வந்தது வரட்டும்னு அடிவயித்துலேர்ந்து கத்தினேன். "எனக்கு விளையாட ஆசையா இருந்துச்சு. அதான் என் தங்கச்சி தலையில இதைக் கட்டினேன். தப்பு என்னோடது."

எதிர் வீட்டுக் கதவு திறந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். மானம் நாலு மாடியும் இறங்கித் தெருவுக்குப் போயிடுச்சு. டிரைவருக்கு எவ்வளவு கேட்டுச்சோ, என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு ஒரு விரலைத் தூக்கினார். "இது கேக்குது"ன்னார்.

தங்கச்சி எழுந்து லேப்டாப்பை மூடாம அப்படியே என் ரெண்டு கையிலும் வெச்சா. "வாசலுக்கு வெளிய போய் நில்லுண்ணா. கதவு திறந்தே இருக்கட்டும். நான் தலையாட்டறப்போ இந்தப் பொத்தானை அழுத்து. அசையாதே." போகத் திரும்பினவ நின்னா. குரலை இறக்கிச் சொன்னா. "ஞாயித்துக்கிழமை நீ போனப்புறம் அதைத் தொட முடியாது, அவ்வளவு சூடா இருக்கும். அப்டேட் போட்டா அப்படிச் சுடாதுண்ணா."

முதல் வாரத்துலேர்ந்தே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் காபி போட்டுக் கொடுத்திருக்கா.

"நாளைக்கே இதை வித்துடறேன். நீ எடுத்தியே, அதையே என் காசுல..."

"முதல்ல இதைப் பிடி"ன்னுட்டு உள்ள போயிட்டா.

படிக்கட்டு முனையில தாம்பாளம் ஏந்தற மாதிரி நின்னேன். அவ தலையாட்டறா, நான் அழுத்தறேன், கட்டில்ல விரல் எழும்புது. இப்போ சின்னதுக்கும் எழும்புச்சு. இருபது நிமிஷத்துல என் கை கடுக்க ஆரம்பிச்சுது. கீழே வைக்கலாம்னு தோணவே இல்ல.

கடைசியா தங்கச்சி அந்தம்மாகிட்ட, "கத்தாதீங்க. சாதாரணமா பேசற மாதிரி ஏதாவது சொல்லுங்க"ன்னா. அந்தம்மா கட்டில் ஓரத்துல உக்காந்தாங்க. அப்புறம் என்னமோ ரெண்டு வார்த்தை சொன்னாங்க. அவர் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டார். தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. என் கையில ஃபேன் உறுமிக்கிட்டிருந்துச்சு. அந்த இடத்துல இருந்த நாலு பேர்ல எனக்கு மட்டும்தான் கேக்கல.