மூன்று வரிச் சான்று

சுவர் பலவீனமானது என்று காட்டுவதற்காக நந்தகுமார் ஓங்கி ஒரு அடி வைத்தார். சுத்தியலின் தலை காம்பை விட்டுக் கிளம்பி, வாசலில் நின்ற புதுக் காரின் முன்கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. சுவரிலிருந்து சிட்டிகை சுண்ணாம்பு உதிர்ந்தது. அவ்வளவுதான்.

காரும் சென்னியப்பனுடையது, கட்டடமும் சென்னியப்பனுடையது.

“கண்ணாடி போனாப் போவுதுங்க சார். கட்டடம் போறதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

நந்தகுமார் நகரமைப்புப் பிரிவுப் பொறியாளர். கட்டடம், நாமக்கல் கடைவீதியில் நூறு வருஷமாக நிற்கும் வியாபாரிகள் விடுதி. போன வருஷம் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. பொறியாளர் ‘ஆபத்தானது’ என்று எழுதினால்தான் இடிக்க முடியும்.

சென்னியப்பன் ஃபைலைத் திறந்தார். “எதுத்தாப்புல இருந்த பழைய மண்டிக்கு நீங்களே எழுதுனதுங்க. ‘சுவர் பலவீனம். மழை தாங்காது. இடிக்கலாம்.’ அதே வயசு, அதே சுண்ணாம்பு. முன்னுதாரணம் இருக்குதுங்களே!”

இந்தச் சான்றின் நகலை இணைத்து ஏற்கெனவே ஆறு கட்டடங்கள் தரைமட்டமாகிவிட்டன. ஓரத்தில் ஒரு வட்டம். அன்றைக்கு அவர் வைத்த டீ கிளாசின் தடம். நகலுக்கு நகல் கறுத்து, கையெழுத்தைவிட அதுதான் கம்பீரமாக இருந்தது. நந்தகுமார் எழுதியவற்றில் இத்தனை பிரதி ஓடியது வேறெதுவும் இல்லை.

அன்றைக்கு நல்ல வெயில். ஏ.சி.யை விட மனமில்லாமல் அவர் காருக்குள் உட்கார்ந்தபடியே அந்த மூன்று வரியையும் எழுதினார். இது அவருக்கு மட்டும் தெரியும்.

பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் மண்டியைப் பற்றி நைசாகக் கேட்டிருக்கிறார். “இடிஞ்சு யார் தலைலயாச்சும் உழுந்திருந்தா? நல்லதுதான பண்ணுனீங்க,” என்றாள் மனைவி தீபிகா. “உங்களுக்கு அனுபவக் கண்ணுங்க சார்,” என்றார் ஆபீஸ்காரர். அந்தக் கண் அன்று டீ கிளாசைத் தாண்டவில்லை.

மண்டிச் சுவர் நிஜமாகவே பலவீனமாக இருந்திருந்தால் இதிலும் கையெழுத்துப் போட்டுவிடலாம். இல்லையென்றால், அந்தச் சான்று பொய் என்று அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். விடுதி நிற்கும். வேலையில் அவர் நிற்பாரா, தெரியாது.

உள்ளே சின்னண்ணன் டேப்பை இழுத்து அளந்துகொண்டிருந்தார். இடிப்புக் கான்ட்ராக்டர். மண்டியை இடித்தவரும் அவர்தான்.

“ஏனுங்கண்ணா, அந்த மண்டிச் சுவரு எப்படி இருந்துச்சு?”

சின்னண்ணன் சென்னியப்பனைப் பார்த்தார். “இப்ப எதுக்குங்க சார் அதெல்லாம்?”

“சும்மா சொல்லுங்கண்ணா, உளுத்துப்போயி இருந்துச்சுன்னு,” என்று சென்னியப்பன் அவசரப்பட்டார்.

“உங்களைக் கேக்கலைங்க.” நந்தகுமாரின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “அண்ணா, அன்னிக்கு நான் காரை விட்டே எறங்கலைங்க. சுவரைத் தொட்டுக்கூடப் பாக்கலை.”

சொன்னதும் காது மடல் சுட்டது. சென்னியப்பன் வாசலுக்குப் போய், காரின் உடைந்த கண்ணாடியில் ஏதோ முக்கியமானதைத் தேட ஆரம்பித்தார்.

சின்னண்ணன் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நாலு நாள்ல முடிச்சுத் தாரேன்னு ஒத்துக்கிட்டனுங்க. பதினேழு நாள் ஆச்சு. மிசின் உளி ரெண்டு ஒடைஞ்சுது. நல்ல சுவருங்க சார் அது. நாங்க இடிச்சிருக்கக் கூடாதுங்க.”