முன் சக்கரத்துச் சத்தம்

வளைகாப்பு முடிந்தாலும் என் மகள் மணிமொழியை எங்கள் நொச்சிக்குப்பத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சம்பந்தி வேம்பு சொல்லிவிட்டாள். "உங்க வண்டி பள்ளத்துல எறங்குனா சத்தம் கிண்டி வரைக்கும் கேக்குது. மாசமா கீற பொண்ண அதுல ஏத்த மாட்டேன்." வாடகைக் காரும் வேண்டாமாம், ஆட்டோவும் குலுக்குமாம். ஆதம்பாக்கத்தில் தன் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளட்டும் என்றாள்.

தலைப்பிரசவத்தை விட்டுக்கொடுத்துவிட்டால் நான் என்ன தாய்?

எங்கள் பழைய மாருதி கடகடத்தது உண்மைதான். முன் சக்கரங்களின் ஷாக் அப்சார்பரும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் ரப்பர் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. மாற்றினால் தீர்ந்தது. என் வீட்டுக்காரர் வடிவேலு படகு எஞ்சின் மெக்கானிக். நடுக்கடலில் நின்றதையே ஓட வைத்தவருக்கு இதெல்லாம் ஜுஜுபி என்றார். ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே வண்டியைத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்தோம். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். என் பக்கத்து நட்டு துருப்பிடித்து அடம்பிடித்தது. என்னிடமா? ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி ஒரே அழுத்து. கழன்றது.

புதுச் சாமான்களை ஏற்றி லூப் ரோட்டில் ஒரு சுற்று விட்டோம். கடகட போய் இப்போது கீச்சுக்கீச்சு. பார்ட்ஸ் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கக் கூடாது, ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். படகு எஞ்சினுக்கு அந்தக் கவலையே இல்லாததால் இவர் காதில் அது ஏறவில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்களைக் கனமான பலகைகள் மேல் இறக்கி, மறுபடி இறுக்கினேன். கீச்சும் அடங்கியது.

வளைகாப்பு அன்று சம்பந்தி வீட்டில் பந்தி முடிந்ததும், முதலில் தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வேம்பு முன் சீட்டில் ஏறினாள். வடிவேலு பின்னால் உட்கார்ந்தார். அந்தத் தெருவில் ஒரு பள்ளத்தையும் நான் விடவில்லை. தேடித் தேடி இறக்கினேன். வண்டி மூச்சுவிடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தியதும், "சத்தம் கீது" என்றாள் வேம்பு.

சுருக்கென்று கோபம் வந்தது. நன்றாகக் கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கை நிறைய வளையலோடு வாசலில் நின்ற மணிமொழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேம்புவின் கணவர் உயிரோடு இல்லை. மகனுக்குக் கப்பலில் வேலை. மருமகளும் கிளம்பிவிட்டால் அந்த வீட்டில், சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. இத்தனை நட்டுகளைக் கழற்றிய எனக்கு இது தெரியாமல் போனதே என்று மனசு கஷ்டப்பட்டது.

"ஆமா சம்பந்தி, எனக்கும் கேட்டுச்சு. எங்கேர்ந்து வருதுன்னுதான் புரியல," என்றேன். "நீங்க பின்னாடி பொண்ணு பக்கத்துல குந்திக்கினு கேட்டுக்கினே வாங்க. புள்ள பொறக்கற வரைக்கும் நம்ம ஊட்லயே இருந்து கேளுங்க."

வேம்பு இறங்கி உள்ளே போனாள். திரும்பி வந்து வீட்டைப் பூட்டியபோது அவள் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது.

வடிவேலு என் காதருகே குனிந்தார். "எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே."

"யோவ், கம்முனு ஏறு," என்றேன்.