மூன்று நாளுக்கு ஒரு முறை

குழிவெட்டுகிறவர் தோண்டியெடுத்துக் கொடுத்த சின்ன மரப்பெட்டியை ரோசலின் முந்தானையால் துடைத்து, சவப்பெட்டிக்குள் கணவரின் கன்னத்தை ஒட்டி வைத்தாள். சாமியார் ஜெபப் புத்தகத்தை விரித்தபடி காத்திருந்தார். அந்த மரப்பெட்டிக்குள் இருந்தது கணவர் சூசைநாதனின் தாடை. போன வருடம் வாய்ப்புற்றுக்காக வெட்டியெடுத்ததை, மருத்துவமனையோடு மல்லுக்கட்டி வாங்கிவந்து மாமனார் கல்லறையில் புதைக்க வைத்தவள் அவள்தான். அவள் ஒன்றைப் பிடித்தால் பிஷப்பே வந்தாலும் விடமாட்டாள்.

“உயிர்த்தெழுற நாள்ல அவரு குறையில்லாம எழும்பணும். இப்ப எல்லாம் சேந்துடுச்சு.”

மகள் லிசாவுக்கு மட்டும் தெரியும், எல்லாம் சேரவில்லை. அறுவை நடந்த அன்றே கட்டியிலிருந்து கடலை அளவு ஒரு துண்டு, அவள் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருந்தது. அதன் செல்கள் அங்கே ஒரு குடுவையில் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன.

அப்பா கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார். செல்லுக்குள் சாரம் கட்டுகிற புரதங்களில் விமென்டின் என்று ஒன்று இருக்கிறது, நல்ல வாயின் உள்தோலில் அதன் மரபணு சும்மா கிடக்கும், புற்று முற்றும்போது அது விழித்துக்கொள்ள, செல்கள் ஒட்டுறவை விட்டு ஊரத் தொடங்கும், அதை எழுப்புவது எது என்பதைத்தான் தேடுகிறோம் என்று லிசா விளக்கியிருந்தாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவருக்கு அது சட்டென்று பிடிபட்டது. சுவிட்ச் போட்டது யாரென்று கண்டுபிடி, அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே என்றார்.

அடக்கம் முடிந்து மண்டி மொஹல்லாப் பேட்டையிலிருந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டு கௌரம்மா கொண்டுவந்த சோற்றை வைத்துவிட்டுப் போனதும் லிசாவின் போன் அடித்தது. உடன் வேலை செய்யும் உதயகுமார். செல்களுக்கு ஊட்டக் கரைசல் மாற்ற வேண்டிய நாள் இன்று, நான் செய்யட்டுமா என்று கன்னடத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்தாள். யாரென்று அம்மா கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மரப்பெட்டியை அம்மா துடைத்தது கண்ணுக்குள்ளேயே நின்றதால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ரோசலின் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு, அது சாகாதா என்று கேட்டாள். மூன்று நாளுக்கு ஒரு முறை சாப்பாடு கொடுத்தால் சாகாது என்றாள் லிசா.

“ஆறு மாசமா அவருக்கு ஒரு வாய் கஞ்சி எறங்கல. நீ அங்க போய் அதுக்குச் சோறு போட்டுட்டிருந்தே.”

லிசாவுக்கு அவமானமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அப்பா பக்கத்திலிருந்து எழுந்து ஓடியதற்குக் காரணம் அதுதான்.

“அது அவரா, இல்ல அவரத் தின்னதா?”

“ரெண்டும்தாம்மா.”

 அம்மாவை அணைத்துக்கொள்ள லிசாவுக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் அம்மாதான் எழுந்து, ஸ்கூட்டர் சாவியை எடுத்துவந்து மகளின் முன்னால் வைத்தாள்.

“பசியோட செத்தவரு. அதுல அவரு இருந்தா, மறுபடியும் பட்டினி போடாத. போ.”

ஆராய்ச்சிக்கூடத்தில் உதயகுமார் ஒன்றும் கேட்காமல் இடம் விட்டு நகர்ந்தார். லிசா குடுவையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். விளிம்புவரை செல்கள் நிறைந்து கிடந்தன, இனி ஒரு குடுவையில் கொள்ளாது. செல்களை இரண்டாகப் பிரித்து ஊற்றி, இரண்டு குடுவைகளிலும் அன்றைய தேதியை எழுதினாள்.