தேத்தண்ணி ஆறுது

சரவணை மயில்வாகனம் செத்து, எரிந்து, சாம்பல் கீரிமலையில் கரைந்து பதினொரு மாதமான பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விறாந்தையில் தன் சவப்பெட்டியை வைத்திருந்த இடத்தில் எழும்பி இருந்து, ஆர் கூப்பிட்டது என்று கேட்டார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி பரிமளம், நானில்லை என்றாள். எழும்பியவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட ஏலாது, போட்டுக் கொடுத்தாள். குடித்தார், படுத்தார், இல்லாமல் போனார்.

காரணம் பின்னேரம் தெரிந்தது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காகச் செத்தவீட்டை நேரடி வீடியோவில் காட்டியிருந்தார்கள். இப்போது எல்லாச் செத்தவீட்டுக்கும் அது உள்ளதுதான். பரிமளம் பெட்டியைத் தட்டித் தட்டி, "எழும்புங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று குழறி அழுததைக் கனடாவில் இருந்து பார்த்த தேனுஜன், செத்தவரின் தம்பி மகன், அந்தக் குரலை வெட்டியெடுத்து, தாள அடி சேர்த்துப் பாட்டாக்கினான். தலைப்பும் அதே வசனம். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பாட்டு வெளிவந்தது. உலகத்தில் ஆர் அந்தத் தலைப்பைச் சொன்னாலும் மயில்வாகனம் எழும்பினார்.

முதல் மாதம் பரிமளத்துக்கு நல்லாயிருந்தது. நாளுக்கு நாலைந்து தடவை வருவார். மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்துக் கதை சொல்வார், கிணற்றடிப் பூவரசைத் தறித்ததற்கு ஏசுவார். பிறகு ஊர்காவற்றுறை பஸ்ஸின் பின்கண்ணாடியில் அந்தத் தலைப்பை எழுதினார்கள். உள்ளாடை விளம்பரம் ஒன்றில் வந்தது. தொலைக்காட்சிப் பகிடிக்காரர் சொன்னார், தேர்தலில் நின்றவர் மேடையில் சொன்னார், மணவறைக்கு முன்னால் பெட்டையள் அதற்கு ஆடினார்கள். மயில்வாகனத்துக்குப் படுக்கவே நேரமில்லை. "முதுகு நோகுது, ஒருக்காப் படுக்க விடுமன்" என்று அவளிடம் கெஞ்சினார்.

சொல்பவனுடைய கோலத்திலேயே அவர் வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. பகிடிக்காரன் சொன்னால் கண்ணைச் சுழட்டிக்கொண்டு எழும்பினார். வேட்பாளர் சொன்னால் கைகூப்பி அவளிடம் வாக்குக் கேட்டார். குடிக்காத மனிதர், வெறிகாரர் சொன்னபோது வெறியில் வந்து கதிரையை உதைத்தார். பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி வேலிக்கு மேலால் எட்டி, "பரிமளமக்கா, இண்டைக்கு எந்த மனிசன் எழும்பினது?" என்பாள். ஒருநாள் காலை, அந்தப் பாட்டின் வீடியோவில் ஆடிய பெட்டையின் பெயரைச் சொல்லி, அவ எங்கே என்று அவர் பரிமளத்திடமே விசாரித்தார்.

அன்று அவள் கனடாவுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, அந்தப் பாட்டை நிப்பாட்டும். மனிசனை ஆளாளுக்குப் பிச்செடுக்கிறாங்கள்."

"என்ர கையில இல்லைப் பெரியம்மா, சனத்தின்ர வாய்க்குப் போட்டுது. பெரியப்பா சாகாமல் இருக்கிறார் எண்டு சந்தோசப்படுங்கோவன்."

"இது நீர் சனத்துக்குப் பங்கு போட்டுக் குடுத்த சாவு, தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்றாம் வருடம் வேறொரு பாட்டு வந்தது. வாரத்துக்கு ஒருக்கா, மாதத்துக்கு ஒருக்கா என்று குறைந்து, கடைசியில் அறுபது நாள் மயில்வாகனத்தை ஒருவரும் எழுப்பவில்லை. பரிமளம் காத்திருந்தது இதற்குத்தான். பெட்டியடியில் குழறிய நாளுக்குப் பிறகு அந்த வசனத்தை அவள் வாயால் சொன்னதேயில்லை. எல்லாரும் சொல்லி முடியட்டும், கடைசியாகத் தான் கூப்பிட்டால் தன்னுடைய ஆள் வருவார் என்று வைத்திருந்தாள். குளித்து, நல்ல சேலை உடுத்து, தேத்தண்ணியை ஊற்றி விறாந்தையில் வைத்து, மெல்லச் சொன்னாள்.

அவர் எழும்பினார். கண் சுழலவில்லை, கை கூப்பவில்லை, வெறியுமில்லை. மாத்தறைக் கடையில் இருந்த அதே முகம். அறியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்.

"நீங்களும் அந்தப் பாட்டுக் கேக்கிறனீங்களோ?"

பரிமளம் ஓம் என்றாள். பிறகு, சீனி எத்தனை கரண்டி போடுகிறது என்று அவரிடம் கேட்டாள்.