ஓட்டின்மேல் எலாடியாவின் கிளி

ஈத்தாபுக்கு என்ற ஊரில் பதில் கிடைக்காத கேள்விகள் கிளிகளாகி நகராட்சிக் கட்டடத்து ஓட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும். "பாலம் என்னாச்சு?" என்று ஒன்று கத்தும், "மருந்து ஏன் வரல?" என்று இன்னொன்று. இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எச்சம் கழுவ ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இருந்ததிலேயே மூத்த கிளி எலாடியாவுடையது. ராணுவத் தளபதி நாட்டை ஆண்ட காலத்தில், கூட்டாளிகளோடு ஒரே குவளையில் தெரெரே என்ற மூலிகைப் பானம் குடித்துக்கொண்டிருந்த அவள் தம்பி நிக்கனோரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் குவளை சுற்றிவரும்போது நன்றி என்று சொன்னால், எனக்குப் போதும் என்று அர்த்தம், அதற்கப்புறம் ஊற்றமாட்டார்கள். அவன் இன்னும் நன்றி சொல்லியிருக்கவில்லை. மறுநாளே எலாடியா நகராட்சி வாசலில் போய் நின்று, "என் தம்பிய எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பதில் வரவில்லை, ஒரு பச்சைக்கிளிதான் வந்தது. தளபதியின் ஆட்கள் சுட்டபோது மற்ற கிளிகள் பறந்து ஒளிந்தன. இது மட்டும் துப்பாக்கியைப் பார்த்தே கேட்டது. என்ன நெஞ்சழுத்தம்!

தளபதி ஒழிந்தார், சட்டம் வந்தது. யாரும் எதையும் கேட்கலாம், ஆனால் ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா பசிலியோ, "காரணம் என்னன்னு போடுறது அக்கா?" என்றான்.

"காரணமாம் காரணம்! அவன் என் தம்பிடா. இதுக்கு மேல என்ன வேணும்?"

அந்தக் காரணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அவன் கையை விரித்தான். அவள் கூடை நிறையச் சிப்பா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, மற்ற கிளிக்காரர்களையும் திரட்டி, சட்டத்தை மாற்றச் சொல்லித் தலைநகருக்கு பஸ் ஏறினாள். வருஷக்கணக்கில் ஏறினாள். அவளுக்கு முடி நரைத்தது, கிளிக்கு இறகு கொட்டியது. முதலில் காரணம் கேட்கக்கூடாது என்று சட்டத்தை மாற்றினார்கள். பிறகு பதில் சொல்லக் கெடு வைத்தார்கள். அதற்கும் பிறகு, தளபதி காலத்து ரகசியம் ரகசியமே அல்ல என்றார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓட்டிலிருந்து ஒரு கூட்டம் கிளிகள் கத்தலை நிறுத்திவிட்டுப் பறந்துபோயின. சும்மா சொல்லக்கூடாது, அத்தனையும் அந்த மனுஷி மாதிரி ஆட்கள் நடையாய் நடந்து வாங்கியது.

பசிலியோ ஓய்வுபெறும் வருஷம், அவளை உட்காரவைத்துத் தன் தெரெரே குவளையைக் கையில் கொடுத்தான். "பழைய ராணுவ முகாம்ல, கொய்யா மரத்துக்குப் பின்னால, அக்கா. தோண்டிப் பார்த்தாச்சு. நிக்கனோர்தான்."

எலாடியா வாய்விட்டு அழுதாள். கிளி இறங்கி வந்து அவள் தோளில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு, முகாம் இருந்த திசையில் பறந்துபோனது.

நகராட்சித் தலைவர் புகைப்படக்காரனோடு வாசலில் நின்று, அவள் நன்றி சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறுங்குவளையை நீட்டினாள்.

"இன்னும் ஊத்து, பசிலியோ."

அவன் ஊற்றினான். "அவன யாரு கொண்டுபோனது?" என்று ஓட்டின்மேல் ஓர் இளங்கிளி கேட்டது. எச்சம் கழுவுகிற ஆளுக்கு அந்த வருஷமும் வேலையை நீட்டித்தார்கள்.