யாரும் இருமாத கூடம்

அந்த முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்த அன்றே இங்கிரிட்டுக்கு அங்கிருந்த அமைதி உறுத்தியது. வெளியே கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்துப் பனிவெளி நடுப்பகல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே சாப்பாட்டுக் கூடம் நிறைய முதியவர்கள். ஒருவரும் இருமவில்லை. கரண்டி தட்டில் படும் ஓசைகூட இல்லை. சக்கர நாற்காலிகளில் தலைகள் சாய்ந்து கிடக்க, தட்டுகளில் பெரோகிக் கொழுக்கட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

"எவ்வளவு நிம்மதியா இருக்காங்க!" என்று தாயைப் பார்க்க வந்த மகள் ஒருத்தி கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

ஆக்னஸ் என்ற மூதாட்டியின் வாயோரம் வழிந்த எச்சிலை இங்கிரிட் துடைத்தாள். சில்லென்ற விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின.

"பொண்ணே, நாங்கல்லாம் செத்துட்டோமா?"

பதில் சொல்வதற்குள் கிழவியின் கண்கள் மூடிக்கொண்டன.

மருந்தறையில் பழைய நர்ஸ் டானியா, மாத்திரைகளைப் பொடித்து ஆப்பிள் கூழில் கலந்துகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் தூக்க மருந்தா? டாக்டர் எழுதினாரா?"

"ரொம்பப் பதட்டப்பட்டா மட்டும் குடுங்கன்னு எழுதினாரு. இங்கதான் எல்லாருக்கும் எப்பவும் பதட்டமாச்சே!" டானியாவுக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை. "நாம ரெண்டே பேருடி. இவங்க எழுந்து நடந்தா யாரு ஓடிப் பிடிக்கிறது?"

இங்கிரிட் மேலாளர் பிரெண்டாவிடம் போய் முறையிட்டாள்.

"விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நீயா வந்து பதில் சொல்லுவே? புதுசா வந்தவ, பேசாம வேலையப் பாரு."

"இங்க யாருமே பேசலியே மேடம். அதான் பயமா இருக்கு."

அன்றிலிருந்து இங்கிரிட் அந்தக் கூழை யாருக்கும் ஊட்ட மறுத்தாள். அவளுடைய வேலை நேரமும் சம்பளமும் பாதியாகக் குறைக்கப்பட்டன.

ஒரு நாள் மதியம் ஆக்னஸின் உதடுகள் நீலம் பாரித்தன. நெஞ்சு எப்போதோ ஒருமுறைதான் ஏறி இறங்கியது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது, கிழவி பிழைத்துக்கொண்டாள். டானியா காலிக் கட்டிலையே பார்த்தபடி நின்றாள்.

"காலையில நான்தான் ஊட்டினேன். சுகாதார ஆபீஸுக்குப் போன் போடுடி. என் பேரையும் சேர்த்துச் சொல்லு."

மாகாண அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். பிரெண்டா வெளியேற்றப்பட்டாள். புது டாக்டர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

பிறகு சத்தங்கள் தொடங்கின. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ முனகினார்கள். யாரோ கட்டில் கம்பியை விடாமல் தட்டினார்கள். தாழ்வாரத்தில் வெறுங்கால்கள் தயங்கித் தயங்கி நடந்தன. இங்கிரிட் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள்.

ஓர்வில் என்ற கிழவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "மேவிஸ் எங்க? என் பொண்டாட்டி நேத்து வந்தாளே?"

மேவிஸ் இலையுதிர் காலத்திலேயே இறந்துவிட்டிருந்தாள். இறுதிச் சடங்கில் ஓர்வில் முன்வரிசையில்தான் இருந்தார், சக்கர நாற்காலியில் தூங்கியபடி.

இங்கிரிட் அவரிடம் போகப் பார்த்தாள். டானியா தடுத்தாள். "நான் சொல்றேன். அன்னிக்கி அவருக்கு மருந்து குடுத்தவ நான்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அவர் வெகுநேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலறினார்.

அந்த அலறல் தாழ்வாரத்தின் கடைசிவரை போனது. ஒவ்வோர் அறையிலிருந்தும் கரகரத்த குரல்கள் கேட்டன:

"யாரது? யாரு அழறது?"